மேல் கட்டத்தில் நான் போட்ட டிக்

எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்கு எந்த ஃபார்ம் வந்தாலும் அது என் சாப்பாட்டு மேசையைப் பார்க்காமல் போகாது. அப்பா அம்மாவுக்கு விசிட்டர் விசா, பிள்ளைக்குப் பள்ளிக்கூட அட்மிஷன், வேலை போனவருக்கு அன்எம்ப்ளாய்மென்ட், காரை இடித்துக்கொண்டவருக்கு இன்ஷூரன்ஸ், எல்லாம் நான்தான். பெரிய படிப்புப் படித்துவிட்டு வங்கிகளுக்கு மென்பொருள் எழுதுகிற ஆட்கள்கூட ஒரு அரசாங்கக் காகிதத்தைக் கண்டால் பயந்துபோய், "அக்கா, நீங்களே பாத்து ஃபில் பண்ணிருங்க" என்று வந்து உட்காருவார்கள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இங்கே ஒரு கையெழுத்து, இங்கே ஒரு தேதி என்று விரலால் காட்டுவேன். போடுவார்கள். படித்துப் பார்த்துவிட்டுப் போட்டவர் ஒருத்தர் கிடையாது. அதில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்று இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

போன வருடம் நியூ ஜெர்சிக்கு கவர்னர் தேர்தல். கவர்னர் என்றதும் டெல்லியிலிருந்து அனுப்பிவைக்கிற, சட்டசபையில் உரை படித்துவிட்டுப் போகிற மனிதரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே கவர்னர்தான் முதலமைச்சர் மாதிரி. ஜனங்கள் ஓட்டுப் போட்டுத்தான் வருவார். நவம்பரில் தேர்தல். அதற்கு முன்னால், ஜூன் மாதம், ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர் யார் என்று முடிவு செய்ய ஒரு ஓட்டெடுப்பு நடக்கும். அதற்குப் பெயர் பிரைமரி. நாங்கள் பின்னால் திரிந்த கட்சியில் அந்த ஒரு நாற்காலிக்கு ஏகப்பட்ட பேர் நின்றார்கள். எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. எந்தக் கட்சியாக இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

அந்த வசந்தகாலம் முழுக்க எங்கள் ஊரான ஐசலினில் வேட்பாளர்கள் தொல்லை. சனிக்கிழமை ஓக் ட்ரீ ரோட்டில் கொத்தமல்லிக் கட்டு வாங்கப் போனால், கோட் போட்ட ஒருவர் தோசையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார். அடுத்த வாரம் வேறொருவர், அதே கடை, அதே தோசை. எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவருக்கு இதெல்லாம் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தது. மருந்துக் கம்பெனியில் டைரக்டராக இருப்பவர், எதிலும் முன்வரிசையில் உட்கார்ந்து பழகியவர்.

"குஜராத்திக்காரங்க பாருங்க, தெலுங்குக்காரங்க பாருங்க, ஒவ்வொருத்தரும் ஒரு வேட்பாளரைக் கைக்குள்ள வெச்சிருக்காங்க. நம்மளை மட்டும் எவனும் சீண்டறதில்ல. ஏன்னா நம்மகிட்ட நம்பர் இல்ல" என்றார் ஒரு கமிட்டி மீட்டிங்கில். பிறகு என் பக்கம் திரும்பி, "நம்பர் காட்டறதுக்கு உங்களை விட்டா ஆள் இல்லங்க மேடம்" என்றார். மேடம் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. நானும் குளிர்ந்துபோனேன்.

விஷயம் இதுதான். ஒரு வேட்பாளரின் ஆட்கள் தலைவரிடம் சொல்லியிருக்கிறார்கள்: உங்கள் ஜனங்களில் புது வாக்காளர்களை நூறு பேர் பதிவு செய்து, பிரைமரிக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள், எங்கள் ஆள் உங்கள் தீபாவளி விழாவுக்கு வருவார். அவ்வளவுதான். ரோடு போடுகிறேன் என்றில்லை, பள்ளிக்கூடத்தில் தமிழுக்கு ஒரு வகுப்பு என்றில்லை. விழாவுக்கு வருவார். அதற்குத்தான் நாங்கள் அத்தனை பேரும் அந்தப் பாடு பட்டோம்.

சித்திரை விழா ஒரு பள்ளிக்கூடத்து காஃபெட்டேரியாவில். வருகிறவர்கள் சாப்பாட்டு டோக்கன் வாங்க வரிசையில் நிற்கும் இடத்தில் எனக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். நான் முந்தின வாரமே தயாராகிவிட்டேன். வோட்டர் ரிஜிஸ்ட்ரேஷன் ஃபார்மில் முதல் கேள்வி, நீங்கள் அமெரிக்கக் குடிமகனா என்பது. ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். அடுத்தது வயது. வரிசை நீளமாக இருக்கும், ஒவ்வொருத்தரிடமும் நின்று நிதானமாகக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்று, வீட்டில் டீ குடித்துக்கொண்டே, நூறு ஃபார்மிலும் 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டு அடுக்கி வைத்துவிட்டேன். வயதுக்கும் டிக். கட்சிக்கும் டிக். இனி வருகிறவர் பெயர், விலாசம், கையெழுத்து மூன்றும் போட்டால் போதும். என் கணவர் பார்த்துவிட்டு, "எல்லாரும் சிட்டிசனா இருப்பாங்களா?" என்று கேட்டார். "இல்லாதவங்க அவங்களே சொல்லுவாங்க" என்றேன். அவரும் பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சொன்னார்கள்தான். பாதிப் பேர், "எங்களுக்கு இன்னும் ஹெச் ஒன் விசாதான் அக்கா" என்று சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். ஒருத்திதான் சொல்லாமல் நின்றாள். சொல்லாமல் என்பதுகூடப் பொய். கேட்டாள்.

அவள் எங்கள் அபார்ட்மென்ட் வளாகத்திலேயே இரண்டு கட்டிடம் தள்ளிக் குடியிருப்பவள். கோபிப் பக்கம். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். புருஷன் ஐடியில் இருந்தவர். இங்கேயே நிரந்தரமாகத் தங்கலாம் என்கிற கிரீன் கார்டு கைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஆபீசில் மயங்கி விழுந்தார், அப்படியே போய்விட்டார். அதன் பிறகு ஒரு டேகேரில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குப் போனாள். சாயங்காலம் யாராவது குழந்தையை அழைத்துப்போக வந்தால், தினமும் வருகிற ஆளாக இருந்தாலும் ஐடியைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுப்பாள் என்று அங்கே பிள்ளையை விட்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு சூதானமானவள்.

அவளுக்கு ஒரே பெண். நாலு வயதில் இங்கே வந்து, இங்கேயே பள்ளி, இங்கேயே காலேஜ். ஆனால் கிரீன் கார்டு வருவதற்குள் பெண்ணுக்கு இருபத்தொன்று தாண்டிவிட்டது. தாண்டினால் பெற்றோர் விண்ணப்பத்திலிருந்து பெயர் விழுந்துவிடும். படிப்பு விசாவில் கொஞ்ச நாள் ஓட்டினாள், வேலை விசா லாட்டரியில் மூன்று தடவை விழவில்லை, கடைசியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு, தமிழைச் சரியாகப் படிக்கக்கூடத் தெரியாத பெண், கோயமுத்தூர் போய்ச் சேர்ந்தாள். அங்கே ஒரு கம்பெனியில் வேலை. கூட வேலை செய்கிற ஒரு பையனைப் பிடித்துவிட்டது. ரெண்டு வீட்டுக்கும் சம்மதம். ஆனால் கல்யாணம் செய்யக் கூடாது. அம்மா கிரீன் கார்டில் இருக்கும்வரை மணமாகாத பெண்ணுக்குத்தான் கிரீன் கார்டு கேட்டு விண்ணப்பம் போட முடியும், போட்டும் இருந்தாள். பெண் தாலி கட்டிக்கொண்ட அன்றைக்கே அது செத்துப்போகும். அம்மா சிட்டிசன் ஆகிவிட்டால் பிரச்சினை இல்லை, அப்புறம் கல்யாணம் செய்துகொள்ளலாம், விண்ணப்பம் உயிரோடு இருக்கும். அதனால் மூன்று பேரும் அந்த ஒரு நாளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். கிரீன் கார்டு வந்து ஐந்து வருடம் ஆனால்தான் சிட்டிசன்ஷிப்புக்கு விண்ணப்பிக்க முடியும், மார்கழியில் அவளுக்கு ஐந்து வருடம் முடிகிறது. "சிட்டிசன்ஷிப் வந்த மறுவாரம் முகூர்த்தக் கால்" என்று எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த ஃபார்மை நீட்டினேன்.

"ஏனுங்கக்கா, நான் கிரீன் கார்டுங்களே. இதுல போடலாமுங்களா?" என்று கேட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் வரை எண்பத்தேழு ஃபார்ம் ஆகியிருந்தது. தலைவர் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வந்து, "மேடம், நம்பர் என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவளுக்குச் சொன்ன பதிலை வார்த்தை பிசகாமல் எழுதுகிறேன். "இது எலெக்ஷன் இல்ல கண்ணு. பிரைமரின்னா கட்சிக்குள்ள ஆள் பொறுக்கறது. நம்மூர்ல உட்கட்சித் தேர்தல்னு வட்டச் செயலாளர், மாவட்டச் செயலாளர் எல்லாம் போடுவாங்கல்ல, அந்த மாதிரி. கவர்ன்மென்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. நவம்பர்லதான் நெஜ எலெக்ஷன். அதுக்கு நீ வரக்கூடாது."

எங்கிருந்து வந்தது எனக்கு அந்த ஞானம்? யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஊரில் என் சித்தப்பா ஒரு கட்சியில் கிளைச் செயலாளராக இருந்தார். அவர் வீட்டில் உட்கட்சித் தேர்தல் என்றால் நாலு பேர் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கலைவார்கள். எந்த அரசாங்கமும் வந்து கேட்டதில்லை. அதையே இங்கேயும் வைத்துக்கொண்டேன். சிட்டிசன்ஷிப் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கிய மேதாவி நான். பிரைமரியையும் இங்கே அரசாங்கம்தான் நடத்துகிறது, அரசாங்கத்து வாக்காளர் பட்டியலை வைத்துத்தான் நடத்துகிறது என்பது என் கண் முன்னால் அந்த ஃபார்மின் தலையிலேயே அச்சடித்திருந்தது.

"நீங்க சொன்னாச் சரிங்கக்கா" என்று கையெழுத்துப் போட்டாள். அந்த 'ஆம்' கட்டத்தில் கிடந்த டிக் அவள் போட்டதில்லை. அதை அவள் பார்த்தாளா என்றுகூட எனக்குத் தெரியாது.

ஜூன் மாதம் ஓட்டுப் போடும் நாளன்று ஆறு பேரை என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். அவளும் வந்தாள். டேகேரில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே பட்டியலில் அவள் பெயர் இருந்தது, கையெழுத்து வாங்கினார்கள், ஓட்டுப் போட்டாள். வெளியே வந்து, ஓட்டுப் போட்டவர்களுக்குக் கொடுக்கிற ஸ்டிக்கரைப் புடவையில் ஒட்டிக்கொண்டு என்னை ஒரு போட்டோ எடுக்கச் சொன்னாள். பெண்ணுக்கு அனுப்பினாள். நான் மற்றவர்களை இறக்கிவிட்டு வீடு வருவதற்குள் அவளிடமிருந்து போன்.

"அக்கா, பாப்பா கோயமுத்தூர்ல இருந்து கூப்புட்டாளுங்க. ஓட்டு எப்படிப் போட்டேன்னு கத்தறா. நீ சிட்டிசனே இல்லியேம்மாங்கறா."

"அவளுக்கென்ன தெரியும் சின்னப் புள்ள" என்றேன். "நான் இருக்கேனில்ல. பயப்படாத."

அந்தப் பெண் பன்னிரண்டு வருடம் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவளுக்குத் தெரியாமல் எனக்குத்தான் தெரியுமாம். அன்றைக்கே ஒரு வக்கீலுக்குப் போன் அடித்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? வாய்க்கொழுப்பு. வேறு வார்த்தை கிடையாது.

எங்கள் வேட்பாளர் தோற்றார். கொஞ்ச நஞ்சமாக இல்லை, படுதோல்வி. எங்கள் நூறு பேர் போட்டதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான். தீபாவளி விழாவுக்கு அவர் வரவில்லை. அவருடைய ஆட்களின் போன் நம்பரே வேலை செய்யவில்லை. தலைவர் ஒரே வாரத்தில் ஜெயித்தவரின் ஆட்களோடு போட்டோவில் இருந்தார்.

மார்கழி வந்தது. சிட்டிசன்ஷிப் விண்ணப்பத்தை மட்டும் வக்கீலை வைத்துப் போடலாம் என்று அவள் முடிவு பண்ணினாள். பெண்ணுடைய கல்யாணம் அதில் தொங்குகிறதே, நான் நிரப்பித் தருகிறேன் என்றதற்குக்கூட, "இது ஒண்ணு மட்டும் வக்கீலே பண்ணட்டுமுங்க" என்றாள். எனக்குக் கோபம்கூட வந்தது. ஆனாலும் காரோட்டிக்கொண்டு கூடப் போனேன். ஃப்ரீவேக்குப் பக்கத்தில் ஒரு மாடி ஆபீஸ். பஞ்சாபிப் பெண் வக்கீல். ஒவ்வொரு கேள்வியாக வாசித்து டைப் அடித்துக்கொண்டு வந்தார். எப்போதாவது கைது ஆகியிருக்கிறீர்களா, இல்லை. வரி கட்டாமல் இருந்திருக்கிறீர்களா, இல்லை. வாக்காளராகப் பதிவு செய்திருக்கிறீர்களா, ஓட்டுப் போட்டிருக்கிறீர்களா?

அவள் முகம் மலர்ந்து என்னைக் காட்டினாள். இவங்கதான் ரிஜிஸ்டர் பண்ணி வெச்சாங்க, பிரைமரில ஓட்டுப் போட்டேன் என்று அரைகுறை ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னாள்.

வக்கீல் டைப் அடிப்பதை நிறுத்தினார். என்னை வெளியே உட்காரச் சொன்னார். முக்கால் மணி நேரம் கழித்து அவள் வந்தாள். காரில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டாள். பிறகு வக்கீல் சொன்னதை வரிசையாகச் சொன்னாள். இப்போது விண்ணப்பம் போட்டால் மறுத்துவிடலாம், அதோடு நிற்காமல் நாட்டை விட்டு அனுப்புகிற கேஸும் போடலாம். சிட்டிசன் என்று பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டதாகத்தான் காகிதம் இருக்கிறது. உடனே வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க வேண்டும். ஊருக்குப் போகக் கூடாது, போனால் திரும்பி வரும்போது ஏர்போர்ட்டில் நிறுத்தினாலும் நிறுத்துவார்கள்.

"ஒரே ஒரு வழி இருக்குங்கறாங்க. அந்தக் கட்டத்துல டிக் போட்டது நான் இல்ல, வேற ஒருத்தர், எனக்குத் தப்பாச் சொன்னாங்கன்னு அந்த ஒருத்தரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, தெரியாமப் பண்ணினதுன்னு வாதாடலாமாமா. அப்பவும் கேரண்டி இல்லியாமா. ஆனா அது இருந்தா விண்ணப்பம் போடறேன்னாங்க."

நான் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"எழுதிக் குடுக்கறீங்களாக்கா?"

"பாக்கலாம் கண்ணு" என்றேன்.

நம் ஆட்கள் பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இறங்கும்போது, "டிராப் பண்ணினதுக்கு தேங்க்ஸுங்க" என்றாள். அக்கா என்பது அதில் இல்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் டிவியை அணைத்தார். "என்னன்னு எழுதுவ? நூறு ஃபார்ம்ல நானே டிக் போட்டேன்னா? அதுல இன்னும் எத்தனை பேர் கிரீன் கார்டுன்னு உனக்குத் தெரியுமா? அவளுக்கு விசா பிரச்சினை. உனக்கு ஜெயில். நமக்கு இன்னும் மூணு வருஷத்துல ரிட்டயர்மென்ட். பேசாம இரு" என்றார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். நானும் அவரைவிட தைரியசாலி கிடையாது. அவர் தடுத்ததால்தான் எழுதவில்லை என்று இரண்டு மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுத வேண்டும் என்று நினைத்திருந்தால் அவர் ஆபீஸ் போன பிறகு எழுதியிருக்கலாம். பகல் முழுக்க நான் வீட்டில் தனியாகத்தான் இருந்தேன்.

தலைவரிடமும் போனேன். சங்கம் சார்பாக ஒரு கடிதம் கொடுத்தால் என் தலைமேல் மட்டும் விழாதே என்று ஒரு நப்பாசை. அவர் வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினார். "சங்கத்துக்கும் அந்த டேபிளுக்கும் சம்பந்தம் இல்லைங்களே. நீங்க தனிப்பட்ட முறையில பண்ணினது" என்றார். பிறகு மனசு கேட்காதவர் மாதிரி, "ஆனைக்கும் அடி சறுக்கும்ங்க, விடுங்க" என்றார். சறுக்கியது நான், அடிபட்டது அவள். மேடம் எல்லாம் அன்றைக்கு வரவில்லை.

தை போயிற்று. மாசியில் ஒரு நாள் அவளே என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "மாப்பிள்ளை வீட்டுல இன்னொரு ஆறு மாசம் வேணும்னாப் பொறுக்கறமுங்கறாங்க. நீங்க எழுதிக் குடுத்தீங்கன்னா இந்த வாரமே விண்ணப்பம் போட்டர்லாம், அவங்ககிட்டச் சொல்லி நிறுத்தி வெக்கலாம். இல்லீன்னா இல்லைன்னு சொல்லிருங்க. பாப்பாவுக்கு நான் பதில் சொல்லோணும்" என்றாள்.

இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். அதற்கும் யோக்கியதை வேண்டும். "அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்றேன்" என்றேன். வெள்ளிக்கிழமை அவள் போன் வந்தபோது எடுக்கவில்லை. கையில் மாவு என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அவள் மறுபடி கூப்பிடவில்லை.

பங்குனியில் பத்திரிகை வாட்ஸப்பில் வந்தது. வைகாசி முகூர்த்தம், கோபியில் கல்யாணம். அந்தப் பெண்தான் முடிவெடுத்தாளாம். எனக்குப் போதும்மா, அந்த நாட்டுக்காகக் காத்திருந்தது போதும் என்று சொல்லிவிட்டாளாம். நான் அதைப் பார்த்துவிட்டு சமையலறையில் நின்று அழுதேன். அழுதால் என்ன, அழாவிட்டால் என்ன. அதே வாரத்தில் தலைவரிடமிருந்தும் ஒரு மெசேஜ் வந்தது. இந்த வருடமும் பிரைமரி வருகிறது, சித்திரை விழாவில் டேபிள் போடுகிறோம், உங்கள் அளவுக்கு அனுபவம் யாருக்கும் இல்லை, வர முடியுமா என்று. பதில் போடவில்லை.

அன்றைக்கு உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதினேன். ஒரு பக்கம். டிக் போட்டது நான், கேட்டபோது தப்பாகச் சொன்னது நான், அவளுக்கு விவரம் தெரியாது. இவ்வளவுதான். எழுத முக்கால் மணி நேரம் ஆனது. மூன்று மாதமாக என்னவோ மலையைப் பெயர்க்கிற வேலை மாதிரி தள்ளிப்போட்டது இதைத்தான். எழுதியும் உடனே கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

கல்யாணத்துக்கு அவள் போகவில்லை. போக முடியாது. பெற்ற பெண்ணின் கல்யாணத்துக்கு, ஏர்போர்ட்டில் நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து, ஐசலினில் அபார்ட்மென்ட்டில் உட்கார்ந்திருந்தாள். விடியற்காலை முகூர்த்தம், அதாவது இங்கே முந்தின நாள் சாயங்காலம், வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். என்னை அவள் கூப்பிடவில்லை. நானாகப் போனேன். என் கணவர் வரவில்லை. கதவைத் திறந்தவள் பட்டுப்புடவை கட்டி, நகை போட்டு, தலையில் பூ வைத்திருந்தாள். புருஷன் போன பிறகு அவள் பூ வைத்து நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். பிறகு வழி விட்டாள்.

டிவியில் யூட்யூப் லைவ் ஓடிக்கொண்டிருந்தது. அவளைத் தவிர அங்கே யாரும் இல்லை. தாரை வார்க்கிற நேரம் வந்தது. பெண்ணின் அப்பா இடத்தில் இவள் தம்பி உட்கார்ந்திருந்தார், அம்மா இடத்தில் தம்பி சம்சாரம். அந்த அம்மாள் சொம்பைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றும்போது இவளுடைய வலது கையும் மடியிலிருந்து கொஞ்சம் எழுந்தது, பிறகு இறங்கிவிட்டது. பெண் நடுவில் ஒரு தடவை கேமராவை நேராகப் பார்த்தாள். தாலி கட்டினார்கள். கெட்டிமேளச் சத்தத்தில் டிவி ஸ்பீக்கர் கரகரத்தது. இவள் சத்தமில்லாமல் அழுதாள். நான் தொடப்போனேன், தோளை நகர்த்திக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து அங்கே பந்தி ஆரம்பிக்கிறபோது டிவியை அணைத்தாள். இதுதான் நேரம் என்று எனக்கு எப்படித் தோன்றியதோ, கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினேன். "எல்லாம் எழுதிட்டேன். கையெழுத்தும் போட்டுட்டேன். என்ன ஆனாலும் ஆகட்டும்" என்றேன்.

அவள் வாங்கவில்லை.

"மாசியில கேட்டனுங்க" என்றாள். குரல் உயரவே இல்லை. "இப்ப என்ற புள்ளை கழுத்துல தாலி ஏறிருச்சு. அவ விண்ணப்பம் அரை மணி நேரத்துக்கு முன்னால செத்துருச்சு. இனி நான் சிட்டிசன் ஆனா என்ன, ஆகாட்டி என்ன."

"உனக்காவது உபயோகப்படும் கண்ணு. உன் கேஸுக்கு."

"எனக்கு வேணும்னு நான் உங்ககிட்ட எப்பங்க கேட்டேன்?"

உள்ளே போய் ஒரு டப்பாவில் லட்டும் முறுக்கும் எடுத்துவந்தாள். கல்யாண வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதில்லையா. வெற்றிலை பாக்கு, தேங்காய் எல்லாம் வைத்து ஒரு மஞ்சள் பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். நிறையப் பேர் வருவார்கள் என்று நினைத்தோ என்னவோ, சுவரோரம் அப்படிக் கட்டிய பைகள் வரிசையாக இருந்தன. அவ்வளவையும் தனியாக உட்கார்ந்து கட்டியிருக்கிறாள்.

"சாப்பிட்டுப் போறதுக்கு இங்க ஒண்ணும் செய்யலீங்க" என்றாள், அதற்கும் ஒரு மன்னிப்புக் கேட்கிற மாதிரி. பிறகு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போகலாமா என்று பார்த்தேன். அவள் மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் அதை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டேன்.